150 ரூபாய் ஃபேஸ் வாஷ், 3,000 ரூபாய் கிளென்சர்: கூடுதல் காசு எங்கே போகிறது?

ஃபேஸ் வாஷ் ட்யூபின் முன்பக்கத்தைப் படித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. வேம்பு, குங்குமப்பூ, வைட்டமின் சி, கரி என்று அங்கே இருப்பதெல்லாம் விற்பதற்கான எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் ஓடும் சேர்மானப் பட்டியலில் முதல் ஐந்தாறு பெயர்கள்தான் உண்மையான சரக்கு. அதிகம் உள்ளது முதலில், குறைவாக உள்ளது பின்னால் என்ற வரிசையில்தான் அதை அச்சிட வேண்டும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பொருள் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் கிடக்கும்.

இந்தக் கண்ணோடு இரண்டு ட்யூபுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மளிகைக் கடையிலும் கிடைக்கும் பாண்ட்ஸ் பிரைட் பியூட்டி. இன்னொன்று மால்களில் கண்ணாடி ஷெல்ஃபில் நிற்கும் ஷிசேடோ கிளாரிஃபையிங் கிளென்சிங் ஃபோம். விலை வித்தியாசம் பல மடங்கு. இரண்டின் பட்டியலிலும் மேலே வருபவை ஸ்டியரிக் ஆசிட், மிரிஸ்டிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கிளிசரின். கொழுப்பு அமிலத்தோடு பொட்டாசியம் காரம் சேர்ந்தால் கிடைப்பது சோப்பு. ஆக இரண்டுமே ட்யூபில் அடைத்த மென்மையான சோப்புதான். ஷிசேடோவின் நுரை தடிமனாக, பட்டுப்போல வரும். வாசனை அடக்கமாக இருக்கும். கழுவியபின் பாண்ட்ஸ் அளவுக்குத் தோல் இழுக்காது. அந்த அனுபவத்துக்குக் காசு கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் வறண்ட தோலுக்கு எது ஒத்துவரும் என்ற கேள்விக்கு இரண்டு ட்யூபுமே பதில் இல்லை.

முகத்தில் இருக்கும் எண்ணெயையும் அழுக்கையும் தண்ணீரோடு போகவைக்கும் பொருளுக்கு சர்ஃபாக்டன்ட் என்று பெயர். கிளென்சரின் தரம் என்பது ஏறக்குறைய சர்ஃபாக்டன்டின் தரம்தான். சோப்பு ஒரு வகை. அடுத்தது சல்ஃபேட் வகை: சோடியம் லாரில் சல்ஃபேட், சோடியம் லாரெத் சல்ஃபேட், அமோனியம் லாரில் சல்ஃபேட். மலிவு, நுரை தாராளம், எண்ணெயைக் கறாராக எடுக்கும். மூன்றாவது, தேங்காய் எண்ணெய்க் கொழுப்பிலிருந்து வரும் மென்மையான கூட்டம்: கோகமிடோபுரோபைல் பீட்டெயின், சோடியம் கோகோயில் ஐசெதியோனேட், டெசில் குளுக்கோசைடு, சோடியம் லாராயில் சார்கோசினேட், கோகோயில் கிளைசினேட், குளுட்டமேட். இவற்றில் கடைசி மூன்றான அமினோ அமில வகைகளுக்கு மூலப்பொருள் விலையே கூடுதல். விலை ஏறுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். பளிங்குப் பாட்டில், தங்க மூடி, தூதராக வரும் நடிகை எல்லாம் இந்தக் கணக்கில் சேராது.

சல்ஃபேட் என்ற பெயரைப் பார்த்ததும் ஓட வேண்டியதில்லை. தனியாக நிற்கும் லாரில் சல்ஃபேட் கடுமையானது. பீட்டெயினோடும் கொழுப்பு ஆல்கஹாலோடும் கலந்தால் அதன் கடுமை நன்றாகவே குறையும். பல ஆண்டுகள் தோல் மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த பழைய செட்டாஃபில் லோஷனிலேயே சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தது. அளவு குறைவு, கூடவே செட்டைல், ஸ்டியரைல் என்ற கொழுப்பு ஆல்கஹால்களும் இருந்ததால் பெரும்பாலானோருக்கு எரியவில்லை. ‘சல்ஃபேட் ஃப்ரீ’ என்று முன்னால் எழுதிவிட்டு உள்ளே சோப்பை ஊற்றித் தரும் பிராண்டுகளும் உண்டு. சோப்பில் சல்ஃபேட் இல்லைதான், பொய் சொல்லவில்லை!

அடுத்தது பிஎச், அதாவது அமிலமா காரமா என்று சொல்லும் எண்: 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. சோப்பு 9 முதல் 10 வரை போகும். 2021 ஜனவரியில் செபாமெட் பிராண்ட் லக்ஸ், பியர்ஸ், டவ் சோப்புகளின் பிஎச் எண்களை விளம்பரத்திலேயே போட்டு, துணி துவைக்கும் ரின்னையும் பக்கத்தில் நிறுத்தியது. இந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ரின்னை இழுக்கக் கூடாது என்பதோடு மற்ற ஒப்பீட்டுக்கு அனுமதி கிடைத்தது. அந்தச் சண்டைக்குப் பிறகுதான் பிஎச் என்ற சொல் நம் ஊர் வாட்ஸ்அப் வரைக்கும் வந்தது. எண்ணெய் வழியும், ஆரோக்கியமான தோல் காரத்தை ஓரிரு மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். எக்சிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்கள், பருவுக்கு டிரெட்டினாயின் அல்லது அடாபலீன் மருந்து தடவுபவர்கள், கழுவியதும் கன்னம் சிவப்பவர்கள் ஆகியோருக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் 5 முதல் 6.5 வரை உள்ளதைத் தேடுவது நல்லது.

வீட்டிலேயே பார்க்கலாம். நீலம், சிவப்பு மட்டும் காட்டும் லிட்மஸ் தாள் போதாது. எண் அளவு காட்டும் பிஎச் ஸ்ட்ரிப் வேண்டும். ஒரு பங்கு கிளென்சரை ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டரில் கலக்கி, நுரை அடங்கியபின் நனைத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் கலக்கினால் தண்ணீரின் பிஎச்தான் பாதி பேசும். ட்யூபிலிருந்து நேரடியாகத் தடவினால் நிறம் குழம்பிவிடும்.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. விலை ஒப்பீடு எழுதுபவர்கள் அநேகமாகத் தொடாத இடம் இது. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். சோப்பு இவற்றோடு சேர்ந்து கரையாத வெண்படலமாக மாறும். பக்கெட் ஓரத்தில் ஒட்டுமே, அதே படலம் முகத்திலும் படியும். கழுவியபின் தோல் ‘கிறீச்’ என்று இருப்பதைச் சுத்தம் என்று நினைக்கிறோம். பாதி அது படலம், பாதி எண்ணெய் முழுக்கப் போன தோல். ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட கடின நீரில் கழுவினால் சோடியம் லாரில் சல்ஃபேட் தோலில் கூடுதலாகத் தங்குவதும் எரிச்சல் ஏறுவதும் தெரிந்தது. எனவே சென்னைப் புறநகரில் போர் தண்ணீரில் முகம் கழுவுபவருக்கு ஒரு ட்யூப் ஒத்துவராமல், அதே ட்யூப் மெட்ரோ வாட்டர் வீட்டில் இருக்கும் அக்காவுக்கு ஒத்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. உப்புத் தண்ணீர் வீடென்றால் சோப்பு அடிப்படையிலானவற்றை விலை பாராமல் ஒதுக்கிவிடுங்கள். பீட்டெயின், குளுக்கோசைடு, ஐசெதியோனேட் வகைகள் வெண்படலம் உண்டாக்காது. கடைசி அலசலை மட்டும் ஒரு சொம்பு ஆர்ஓ தண்ணீரில் முடித்தாலும் வித்தியாசம் தெரியும்.

இப்போது காசு. பாட்டில் விலையை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். பாக்கெட்டில் எம்ஆர்பி அருகே ஒரு மி.லி.க்கு இவ்வளவு என்ற யூனிட் விலையும் அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். அதுவும் போதாது, ஒரு தடவைக்கு எவ்வளவு செலவாகிறது என்பதும் வேண்டும். ஜெல் என்றால் 1 மி.லி. போதும். நுரைக்காத லோஷன் கிளென்சருக்கு 2 மி.லி. இல்லாமல் முகம் முழுக்கப் பரவாது. ஷிசேடோ போன்ற கெட்டிப் பேஸ்ட் அரை மி.லி. போதும். நாளைக்கு இரண்டு முறை, மாதம் 60 தடவை என்று வைத்துக்கொள்வோம். விலைகள் தள்ளுபடி இல்லாத தோராயக் கணக்கு.

100 மி.லி. 150 ரூபாய்க்கு வரும் ஹிமாலயா வேம்பு மாதம் 90 ரூபாய். 150 மி.லி. 400 ரூபாய் என்றால் ‘சிம்பிள்’ பிராண்ட் ஜெல் 160 ரூபாய். செட்டாஃபில் 125 மி.லி. 400 ரூபாய் என்று எடுத்தால், 2 மி.லி. கணக்கில் மாதம் 384 ரூபாய் ஆகிறது. செராவே ஃபோமிங் 236 மி.லி. 1,200 ரூபாய், கடையில் மலைப்பாக இருக்கும், மாதக் கணக்கு 305 ரூபாய்தான். ‘சிக்கனமான’ சின்ன செட்டாஃபில் பாட்டில் ‘விலை உயர்ந்த’ செராவேயைவிட அதிகம் தின்கிறது. ஃபாரஸ்ட் எசென்ஷியல்ஸ் 130 மி.லி. 1,500 என்றால் 690 ரூபாய், கிளினிக் ஆல் அபௌட் கிளீன் 200 மி.லி. 2,600 என்றால் 780 ரூபாய். ஷிசேடோ 125 மி.லி. 3,000 ரூபாய் என்றாலும் அரை மி.லி. கணக்கில் 720-க்குள் அடங்குகிறது. இவை யாவும் சொன்ன அளவுக்கு மேல் எடுக்காவிட்டால். இரு மடங்கு எடுக்கும் பழக்கம் என்றால் தொகையை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

ஹிமாலயா வேம்பு எண்ணெய்ப் பசைத் தோலுக்கும் கல்லூரி வயதுக்கும் சரி. நுரை அதிகம், வாசனையும் தூக்கல். முப்பது தாண்டிய தோலுக்கும், ஏசி அறையில் எட்டு மணி நேரம் இருப்பவருக்கும் வாயோரம் இழுக்க ஆரம்பிக்கும். பருவுக்கு மருந்து என்று நினைத்து நாளைக்கு நான்கு முறை கழுவுபவர்களுக்கு இது நிச்சயம் வறட்சியைக் கொடுக்கும்; வேம்பின் மேல் பழி போடுவார்கள், குற்றவாளி கழுவும் எண்ணிக்கை.

சிம்பிள் கைண்ட் டு ஸ்கின் ஜெல்லில் வாசனை இல்லை, நிறம் இல்லை. முக்கிய சர்ஃபாக்டன்ட் கோகமிடோபுரோபைல் பீட்டெயின் மட்டுமே. நீர்த்துப்போய் விரல் இடுக்கில் வழியும், நுரை வராது. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றுவதுதான் இதில் நடக்கும் பெரிய வீண். காலையில் கழுவ இதைவிட நல்லது இந்த விலையில் அரிது. ஆனால் பீட்டெயின் எல்லாருக்கும் மென்மையானதல்ல. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2004-க்கான ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்ததே இதைத்தான். தயாரிப்பில் மிஞ்சும் அசுத்தங்களே பெரும்பாலும் காரணம். இமையோரம் அரிப்பு வந்தால் ஷாம்பூவிலும் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

செட்டாஃபில் ஜென்டில் கிளென்சர் சில ஆண்டுகளுக்கு முன் சேர்மானத்தை மாற்றிவிட்டது. இப்போது கிளிசரின், நியாசினமைடு, பேந்தனால் இருக்கின்றன. வறண்ட, எரியும் தோலுக்கு நல்ல துணை. சன்ஸ்கிரீன் மேல் சன்ஸ்கிரீன் பூசிய மாலை முகத்தை இது ஒற்றை ஆளாகச் சுத்தம் செய்யாது. காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கினால் 250 மி.லி. வாங்குங்கள், கணக்கு சற்று இறங்கும்.

நடுவிலை வரிசையில் கொடுத்த காசுக்குச் சரக்கு இருப்பது செராவே ஃபோமிங்கில்தான். கிளிசரின் பட்டியலின் மேலேயே இருக்கிறது. சார்கோசினேட், டாரேட், சுல்டெய்ன் என்று மென்மையான சர்ஃபாக்டன்ட் மூன்று சேர்ந்து வேலை செய்கின்றன. எண்ணெய் போகும், தோல் இழுக்காது. இதன் புகழுக்குக் காரணமான மூன்று செரமைடுகளோ (தோலில் இயல்பாகவே இருக்கும் கொழுப்பு வகை) பட்டியலின் கீழ்க்கோடியில். முப்பது விநாடியில் கழுவிப்போகும் பொருளிலிருந்து செரமைடு தோலில் தங்கும் என்று பெரிதாக நம்ப வேண்டாம். பாட்டில் நல்லது, விளம்பரம் சொல்லும் காரணம்தான் வேறு.

ஃபாரஸ்ட் எசென்ஷியல்ஸ் போன்ற ஆயுர்வேத ஆடம்பரத்தில் காசு வாசனைக்கும் கண்ணாடிக்கும் போகிறது. மலர்ச்சாறும் நறுமண எண்ணெயும் மூக்குக்கு விருந்து. அவற்றில் இருக்கும் லினலூல், லிமோனின் போன்ற வாசனைப் பொருள்கள் கூச்சத் தோலுக்கு வம்பு. கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்க அழகான பொருள். முகம் சிவந்துபோகும் ரோசேஷியா உள்ளவர் தொட வேண்டாம். கிளினிக் ஆல் அபௌட் கிளீன் வாசனை சேர்க்காதது, தோல் வகைக்கேற்ப மூன்று விதமாக வரும், வேலை சுத்தம். மூன்றில் ஒரு பங்கு விலையில் அதே வேலை நடக்கிறது என்பதுதான் அதன் ஒரே குறை. ஆண்களுக்கான கறுப்பு ட்யூபுகள் எதற்கும் தனிப் பத்தி தேவையில்லை: பெரும்பாலும் அதே சோப்பு, மேலே மென்தால். குளிர்ச்சி வேறு, சுத்தம் வேறு.

விலை கொடுத்தால் நிஜமாகவே வித்தியாசம் தெரியும் இடம் மேக்கப் கலைக்கும் பாம் (balm) என்ற கெட்டி எண்ணெய்ப் பசைதான். கிளினிக் டேக் தி டே ஆஃப் போன்ற பாமில் எண்ணெயோடு, அதைத் தண்ணீரில் கலக்கவைக்கும் எமல்சிஃபையர் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் பாலாக மாறி மிச்சமில்லாமல் போய்விடும். வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா, தண்ணீருக்கு அசையாத சன்ஸ்கிரீன் இரண்டையும் தேய்க்காமல் எடுக்கும். தேங்காய் எண்ணெயும் மேக்கப்பைக் கரைக்கும், சந்தேகமில்லை. எமல்சிஃபையர் இல்லாததால் தண்ணீரில் போகாது. துடைக்க வேண்டும், பிறகு ஃபேஸ் வாஷ் வேண்டும், பரு வரும் தோலில் துளை அடைக்கும் ஆபத்தும் உண்டு. பாம் பயன்படுத்துபவர்கள் செய்யும் தவறு ஒன்றே: ஈர முகத்தில் ஆரம்பிப்பது. காய்ந்த முகம், காய்ந்த கை, ஒரு நிமிடம் தேய்ப்பு. பிறகு கையை மட்டும் நனைத்து வெள்ளையாகும்வரை தேய்த்து, அதன்பின் அலச வேண்டும். நனைக்கும் படியைத் தாண்டினால் பிசுக்கு தங்கி, மறுவாரம் நெற்றியில் பொடிப் பருக்கள் வரும்.

தினமும் சன்ஸ்கிரீன் மட்டும் போடுபவருக்கு, பஞ்சில் நனைத்துத் துடைக்கும் மைசெல்லர் வாட்டர் போதும். இதில் பயோடெர்மா சென்சிபியோவும் கார்னியரும் மோதுகின்றன. கார்னியர் விலை பாதிக்கும் கீழே. கண்ணோரக் கூச்சம் உள்ளவர்கள் பயோடெர்மா பக்கம் போகலாம், மற்றவர்களுக்குக் கார்னியர் போதுமானது. கழுவத் தேவையில்லை என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் கழுவிவிடுங்கள், தங்குவதும் சர்ஃபாக்டன்ட்தானே.

மருந்துப் பொருள் சேர்த்த ஃபேஸ் வாஷில் வைட்டமின் சி, கொலாஜன், பியூர் கோல்டு எல்லாம் சாக்கடைக்குப் போகும் காசு. விதிவிலக்கு இரண்டு. சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம்: மினிமலிஸ்ட் இதை 300 ரூபாயை ஒட்டி 100 மி.லி. தருகிறது, ஒரு நிமிடம் முகத்தில் விட்டால் மூக்கின் கரும்புள்ளிக்கும் எண்ணெய்க்கும் மிதமான பலன் உண்டு. இதையே வெளிநாட்டு ஆடம்பர பிராண்டில் ஐந்து மடங்கு விலைக்கு வாங்க ஒரு காரணமும் இல்லை. தினம் இரு வேளை வேண்டாம், இரவில் ஒரு வேளை போதும். இன்னொன்று பென்சாயில் பெராக்சைடு வாஷ். மருந்துக் கடைச் சரக்கு, சில நிமிடத் தொடுதலிலேயே பருக் கிருமியைக் கொல்லும். மருத்துவர் சொன்னபடி மட்டும் பயன்படுத்துங்கள். கலர் துண்டையும் தலையணை உறையையும் வெளுத்துவிடும், வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த விலையானாலும் கழுவும் முறை கெட்டால் பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. கையை முதலில் கழுவி, வெதுவெதுப்புக்கும் கீழான தண்ணீரில் முகத்தை நன்றாக நனைத்து, கிளென்சரை உள்ளங்கையில் சற்று நீர்விட்டுக் குழைத்து, நெற்றி, மூக்கு, தாடை, கடைசியாகக் கன்னம் என்று முப்பது முதல் அறுபது விநாடி தேய்த்தால் போதும். அலசுவதில்தான் அவசரம். முடியோரமும் காதின் முன்பக்கமும் தாடைக்கீழும் மிச்சம் தங்கும். அங்கே மட்டும் வரும் அரிப்புக்கும் பொடிப் பருவுக்கும் பல சமயம் இதுவே காரணம். பத்துக் கை தண்ணீராவது ஊற்றி, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயும் முன் மாய்ஸ்சரைசர் போடுங்கள். புதிய கிளென்சர் ஒத்துவருகிறதா என்று பார்க்க ஒரு நாள் மட்டும் மாய்ஸ்சரைசரை இருபது நிமிடம் தள்ளிப்போட்டு ஃபேன் கீழே உட்காருங்கள். சிரிக்கும்போது கன்னம் இழுத்தால் அந்த ட்யூப் கை கழுவ மாற்றப்பட வேண்டியது.

இறக்குமதிப் பிராண்டுகளை ஆன்லைனில் பாதி விலைக்குப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். இந்தியாவில் சட்டப்படி விற்கப்படும் இறக்குமதி ஒப்பனைப் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, பதிவு எண், எம்ஆர்பி, பேட்ச் எண், காலாவதி எல்லாம் ஸ்டிக்கராகவோ அச்சாகவோ இருக்கும். அது இல்லாமல் வந்தால் போலியாகவோ, வெயிலில் எங்கெங்கோ கிடந்து வந்த சரக்காகவோ இருக்கலாம். பின்புறத்தில் திறந்த டப்பா படத்துக்குள் 12 எம் என்று இருந்தால், திறந்தபின் பன்னிரண்டு மாதம்தான் கணக்கு. மாதம் 60 மி.லி. செலவாகும் ஒருவருக்கு ஒரு லிட்டர் பாட்டில் பதினாறு மாதத்துக்கு மேல் வரும். வீட்டில் இன்னொருவரும் பங்கு போடாதவரை அந்தத் தள்ளுபடி தள்ளுபடியே அல்ல. ட்யூப் தட்டையாகிவிட்டால் தூக்கி எறியும் முன் கத்தரியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே இன்னும் நான்கைந்து தடவைக்கு இருக்கும்.